எட்டாம் பதிப்பில் எல்லப்பன்

அரசாங்கத்தை ‘ஐயா’ என்று கூப்பிட்டுப் பிழைக்கிறவன் நான். பெயர் கோதண்டம். தொழில் மனு எழுதுவது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு மேஜை உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு, காணாமல் போன எருமை, காணாமல் போன புருஷன் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். எருமைகளில் இரண்டு திரும்பி வந்தன. என் மனுவினால்தான் வந்தன என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது சொல்லப்போவது என் தொழிலில் முழு வெற்றி பெற்ற ஒரே மனுவைப் பற்றி. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. ஒரு எழுத்து குறையவில்லை. அதனால்தான் இதை எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

1988-ஆம் வருஷம் எங்கள் ஊருக்கு ‘இலவச மனைப் பட்டியல் தனி அலுவலகம்’ வந்து சேர்ந்தது. ஏரியிலும் ஓடையிலும் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு மேட்டு நிலத்தில் மனை கொடுப்பதாக மேலே முடிவாகியிருந்தது. மனையைக் கொடுப்பதற்கு ஓர் அலுவலகம், குடிசையைக் காலி செய்வதற்கு ஓர் அலுவலகம், யார் யாருக்கு என்று பட்டியல் வைத்திருப்பதற்கு மட்டும் இந்த அலுவலகம். பட்டியல் வைத்திருக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “யோவ் கோதண்டம், இது கம்ப்யூட்டர் பட்டியல்யா” என்றார்கள்.

அரிசி மண்டி மாடியில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. போட்ட தனி அறை. தூசு ஆகாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தனி அலுவலர் சிவப்பிரகாசம் தினமும் காலையில் தம் கையால் அதன் நெற்றியில் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைப்பார். ஆடிக் கிருத்திகைக்கு வந்த ஒரு சித்தூர்க் குடும்பம், மாடிப்படியெல்லாம் செருப்பு கிடப்பதையும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வருவதையும் பார்த்துவிட்டு, மொட்டைத் தலைகளோடு மேலே ஏறித் தேங்காய் உடைத்துவிட்டுப் போனது. அலுவலகம் இதை ஆட்சேபிக்கவில்லை. தேங்காய் மூடிகளைக் கண்காணிப்பாளர் ஆதிகேசவன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்தக் கம்ப்யூட்டரின் பெருமை, அது எதையும் மறக்காது என்பது. பட்டியலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, புதியதற்கு அடுத்த நம்பர் போட்டுவிடும். முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். பட்டியலில் கை வைக்க வேண்டுமானால் முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த உடனே எடுத்தவர் பெயரில் ஒரு பூட்டு விழும். அவர் வேலையை முடித்துத் திரும்ப வைக்கிற வரைக்கும் மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைத்துக் குட்டையைக் குழப்பக்கூடாது என்று இந்த ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. யாரோ மூளையுள்ளவர்கள் செய்தது.

இதையெல்லாம் எனக்கு டீக்கடையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவன் இளங்கோவன். மெட்ராஸ் கம்பெனி ஒன்று காண்ட்ராக்டில் அனுப்பிய பையன். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவான். அந்த மெஷினுக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமானால் ஐந்தாறு வரி இங்கிலீஷில் அடிக்க வேண்டுமாம். நம் டைப்பிஸ்ட் அம்சா திணறுவதைப் பார்த்துவிட்டு, இவனாக உட்கார்ந்து ஒற்றை வார்த்தைக் கட்டளைகள் செய்து கொடுத்திருந்தான். காட்டு, எடு, வை, ஒப்பிடு, உடை. இங்கிலீஷ் எழுத்தில் இப்படி ஒரு வார்த்தையை அடித்தால் போதும், அதற்குப் பின்னால் இருக்கிற ஐந்தாறு வரியை மெஷினே போட்டுக்கொள்ளும். அம்சா அரை நாளில் கற்றுக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அந்த அரை நாள்தான்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை எல்லப்பன் என் மேஜைக்கு வந்தான். கே.ஜி.கண்டிகையில் ஏரி உள்வாயில், கரைக்கு உட்பக்கம், குடிசை. கரும்பு வெட்டு, நெல் அறுப்பு என்று கிடைத்த கூலிக்குப் போகிறவன். பெண்டாட்டி மணியம்மை, இரண்டு பெண் குழந்தைகள். போன ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து குடிசையின் மண் சுவர் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. குழந்தைகள் அன்றைக்கு மறுபக்கம் படுத்திருந்தார்கள். இந்த வருஷம் மழைக்கு முன்னால் மேட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

“பேரு இருந்திச்சிண்ணா” என்றான். “போன மாசம் போர்டுல ஒட்னப்போ நம்ம வாத்தியாரு படிச்சிக் காட்டினாரு. இப்ப புதுசா ஒட்டிகிறாங்க. அதுல இல்லைன்றாரு.”

“வாத்தியார் சரியாப் பாத்தாரா?”

“மூணு தபா பாத்தாருண்ணா. என்கூட இன்னும் பத்து பேரு பேரும் இல்ல.”

நான் மனு எழுதினேன். நல்ல மனு. ‘மேற்படி எல்லப்பன் பெயரை எப்பாடுபட்டேனும் பட்டியலில் சேர்த்திட ஆவன செய்யுமாறு’ என்று முடித்தேன். மனையை நான் கேட்கவில்லை. அது வேறு அலுவலகம். கேட்டால், இது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் எந்த வாசலில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தைத்தான் இப்போது செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நானும் அவனோடு மாடிக்குப் போனேன். எல்லப்பனுக்குக் கழற்றச் செருப்பு இல்லை. அது ஒரு சிக்கலாகிவிட்டது. செருப்பைக் கழற்றினவர்களை உள்ளே விடலாம் என்றுதான் உத்தரவு, இல்லாதவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் நான் என் செருப்பைக் கழற்றி ஒன்றை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். பியூன் திருப்தியடைந்து கதவைத் திறந்தார்.

சிவப்பிரகாசம் மனுவை இரண்டு தரம் படித்தார். “அம்சா, ஆறாம் பதிப்பைக் காட்டும்மா” என்றார். அம்சா ஒரு வார்த்தை அடித்தாள். பச்சை எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் ஓடி வந்து நின்றன. அதில் எல்லப்பன் இருந்தான். தகப்பன் பெயர், ஊர், குடும்பத்தில் நாலு பேர், எல்லாம் சரியாக இருந்தது. “இப்ப ஏழாம் பதிப்பு” என்றார். அதில் எல்லப்பன் இல்லை.

“பாத்தியா எல்லப்பா?” என்றார் சிவப்பிரகாசம், பேரனைக் காட்டுகிற தாத்தா மாதிரி. “அந்தக் காலத்துல கர்ணம் கணக்குல பேரு போச்சுன்னா போனதுதான். கரையான் தின்னுடும். இங்க அப்படி இல்ல. உன் பேரு அழியவே அழியாது. ஆறாம் பதிப்புல பத்திரமா இருக்க. நீ செத்தாலும் இருப்ப.”

“ஆங், சார். மனை எதை வச்சி சார் குடுப்பாங்க?”

“அது ஏழை வச்சி.”

எப்படி ஏழில் போயிற்று என்பதை அம்சாதான் படியிறங்கும்போது சொன்னாள். கண்காணிப்பாளர் ஆதிகேசவனுக்கு ஒரு கொள்கை. அரசாங்கப் பட்டியலில் மொட்டையாகப் பெயர் இருக்கக்கூடாது, ‘திரு’ போட வேண்டும். நாலாம் பதிப்பு வந்த காலத்திலேயே அதை ஒரு பிளாப்பியில் போட்டு வாங்கி, பள்ளிப்பட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த தன் மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆம்பிளைக்கும் ‘திரு’ போட்டார். இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஐந்தாம் பதிப்பு வந்து, ஆறாம் பதிப்பு வந்து, கே.ஜி.கண்டிகைக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். ஆதிகேசவன் தன் பிளாப்பியைக் கொண்டுவந்து அதையே ஏழாம் பதிப்பாக வைத்துவிட்டார். நானூற்றுச் சில்லறைப் பேருக்கு மரியாதை வந்தது. பதினொரு பேருக்கு மனை போயிற்று.

“ஆறை எடுத்து அதுல திருத்தித்தான் வைக்கணும் சார், வீட்ல வச்சிருந்த பழசை அப்படியே மேல வைக்கக்கூடாதுன்னு தலப்பாடா அடிச்சிகினேன்” என்றாள் அம்சா. “அவரு கேக்கல. ‘நான் போட்ட திருவெல்லாம் வேஸ்டா போவணுமா’ன்னாரு.”

சரி, தவறு தெரிந்துவிட்டது. ஏழாம் பதிப்பை எடுத்து, பதினொரு வரியைச் சேர்த்து, எட்டாம் பதிப்பாக வைத்துவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் எடுக்க முடியவில்லை. ஏழாம் பதிப்பு ஆதிகேசவன் பெயரில் பூட்டிக் கிடந்தது. ஆண்களுக்குத் ‘திரு’ போட்டு முடித்தவர், பெண்களுக்குத் ‘திருமதி’ போடுவதற்காக அதை வெளியே எடுத்திருக்கிறார். பாதியில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பொன்னேரிப் பக்கம் போய்விட்டார்.

போகும்போது பொறுப்பு ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அந்தப் பட்டியலை நான் பார்த்தேன். பீரோ சாவி இரண்டு, பஞ்சிங் மெஷின் ஒன்று, மை ஒற்றி ஒன்று, உடைந்த நாற்காலி ஒன்று. பூட்டு இல்லை. பூட்டு என்பது கையில் எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லையாதலால் அதற்குப் படிவத்தில் கலம் இல்லை.

மறுநாள் ஏ.சி. அறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது இளங்கோவன் சிரித்துக்கொண்டே, “இதுக்குத்தான் சார் ஒரு கட்டளை பண்ணி வச்சிருக்கேன். அம்சா, ‘உடை’ன்னு அடிங்க. பூட்டு உடைஞ்சிடும். யார் உடைச்சாங்க, எப்ப உடைச்சாங்கன்னு மெஷினே எழுதி வச்சிக்கும்” என்றான். எல்லப்பன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

அம்சாவின் விரல் பாதி வழி போய்விட்டது. “நிறுத்தும்மா!” என்று கத்தினார் சிவப்பிரகாசம்.

அவர் அதுவரை அந்தக் கட்டளைகளை வார்த்தையாகக் கவனித்ததே இல்லை. இப்போது ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். படிக்கப் படிக்க அவர் முகம் கறுத்தது.

“காட்டு. எடு. வை. யாரைப் பாத்துப்பா சொல்ற? இது அரசுச் சொத்து. தினமும் நான் குங்குமம் வைக்கிறேன். இதைப் போயி ‘எடு’ங்கறதா? உங்க வீட்டு வேலைக்காரியா? அப்புறம் இன்னாது, உடையா? அரசாங்க ஆபீஸ்ல பூட்டை உடைன்னு எழுத்துல இருக்குது, நாளைக்கு ஆடிட்காரன் பாத்தான்னா நான் கம்பி எண்ணணும்.”

“சார், அது வெறும் பேருதான் சார். சுருக்கமா இருக்கட்டும்னு...”

“சுருக்கமாவா?” சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தாழ்ந்தது. “தம்பி, நீ சின்னப் பையன். ஒரு வார்த்தையில வேலை முடிஞ்சிடுச்சுன்னு வையி. மீதி நேரத்துக்கு இந்த ஆபீஸ் எதுக்குன்னு எவனாவது கேக்க மாட்டானா? நாங்க பதினேழு பேரு கீறோம்யா.”

நான் அந்த மனுஷனைத் திட்ட வந்தவன், திட்டாமலே படியிறங்கினேன். இவ்வளவு உண்மையை ஓர் அதிகாரி வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

கட்டளைகளைத் தகுந்த மரியாதையுடன் மாற்றியமைக்க ஒரு குழு போடப்பட்டது. முதலில் ‘எடுக்கவும்’, ‘வைக்கவும்’ என்று மாற்றினார்கள். மேலே அனுப்பியதில், ‘கவும்’ என்பது கீழ்நிலை ஊழியருக்கு எழுதுவது, இயந்திரத்தின் விலையைப் பார்க்கும்போது அது போதாது என்று குறிப்பு வந்தது. அடுத்ததாக ‘எடுத்து உதவிடக் கோரப்படுகிறது’. இப்படியே வளர்ந்து, கடைசியில் ‘உடை’ என்பது ‘பூட்டினைத் தளர்த்திட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று ஆயிற்று. இதை இங்கிலீஷ் எழுத்தில், நடுவில் இடம் விடாமல் அடிக்க வேண்டும். எழுபத்திரண்டு எழுத்து. இளங்கோவன் தலையெழுத்தே என்று அதையும் செய்து கொடுத்தான். ஆனால் மேலிடத்து ஒப்புதல் வராமல் அதைத் தொடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டப்பட்டது.

“நீயே யாரும் இல்லாதப்போ பழைய வார்த்தையை அடிச்சிடேன்பா” என்று இளங்கோவனிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“மெஷின் என் பேரை எழுதி வச்சிக்கும் சார். அது மறக்காது” என்றான். டீயை அப்படியே வைத்துவிட்டு ரயிலுக்குப் போனான்.

புரட்டாசி பாதி போய்விட்டது. மற்றப் பத்துப் பேரில் சிலர் கட்சிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள், சிலர் இந்த ஊரே வேண்டாம் என்று செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். எல்லப்பன் மட்டும் விடவில்லை. “ஆதிகேசவன் சாரையே பாத்துட்டு வந்துடலாம்ண்ணா. அவரு பூட்டு, அவருதானே தெறக்கணும்” என்றான். நியாயமாகத்தான் பட்டது. முதல் ரயிலில் மெட்ராஸ் போய், அங்கே மாறிப் பொன்னேரி போனோம்.

ஆதிகேசவன் ஒரு பழைய கட்டடத்தின் பின் அறையில், ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. நாங்கள் அரை மணி நேரம் நின்றதில் அவரை யாரும் கூப்பிடவில்லை, பியூன்கூட எட்டிப் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பூட்டு இன்னமுமா என் பேர்ல இருக்குது?”

“ஆங், சார்.”

“யாராலயும் தொட முடியலையா? சிவப்பிரகாசத்தாலகூடவா?”

“முடியலை சார். நீங்க ஒரு தபா வந்து தெறந்து உட்டீங்கன்னா...”

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்களுக்கு டீ சொன்னார். அதுவும் தானே எழுந்து போய்ச் சொன்னார். “இருபத்தொம்பது வருஷம் சர்வீஸ்யா எனக்கு. ஆதிகேசவன் இல்லாம நடக்காதுன்னு ஒரு காரியம் இருந்ததில்ல. இதான் மொதல்ல” என்றார். “திருமதி போடற வேலை பாதியில நிக்குது. பாதியில வச்சா அது தப்புப் பதிப்பு. என்னைத் திரும்பத் திருத்தணிக்கே போட்டாத்தான் முடிக்க முடியும்னு மேல எழுதியிருக்கேன். பூட்டு இருக்கறதுதான்யா அதுக்கு ஆதாரம். அதைத் தெறந்துட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடப் போறா?”

எல்லப்பன் அவர் காலைத் தொட்டான். “சார், பொம்பளப் புள்ளைங்க ரெண்டு. மழ வந்துகினு கீது.”

“வரட்டும் எல்லப்பா. எனக்கு ஆர்டர் வந்துடும்” என்றார் ஆதிகேசவன். நிஜமாகவே ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

ஐப்பசி ஏழாம் தேதி, பந்தல் போட்டு மனை வழங்கும் விழா நடந்தது. ஏழாம் பதிப்பைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஆம்பிளையும் ‘திரு’வோடு எழுந்து போனான். பெண்கள் எல்லாரும் மொட்டையாகவே போனார்கள், அவர்களுடைய ‘திருமதி’ இன்னும் பூட்டிலேயே கிடந்தது. சிவப்பிரகாசம் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அவர்களுக்கும் நமது அலுவலகத்தில் நிரந்தரமான இடம் உண்டு, பழைய பதிப்புகளில்!” என்றார். கை தட்டினார்கள். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த எல்லப்பனும் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

கார்த்திகையில் மழை வந்தது. ஏரி உள்வாயில் இடுப்பளவு தண்ணீர். எல்லப்பன் குடும்பம் பதினோரு நாள் ஏரிக்கரை மேல் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்துப் பிழைத்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லப்பனும் மணியம்மையும் அதே இடத்தில் சேற்றை வழித்துவிட்டு, புதிதாகச் சுவர் வைத்து, கரும்புத் தோகை வேய்ந்து குடியேறினார்கள். தை மாதம் இளங்கோவனின் காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. கட்டளைகள்தான் செய்தாகிவிட்டதே, இனி அவன் எதற்கு என்பது காரணம். போகும்போது என் மேஜையில் வந்து உட்கார்ந்து, “தப்பு என்னோடதுதான் சார். ‘உடை’ன்னு பேரு வச்சிருக்கக் கூடாது” என்றான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன்.

மாசி மாதம் ஒப்புதல் வந்தது. என்னையும் எல்லப்பனையும் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார் சிவப்பிரகாசம். ஏ.சி. அறையில் பதினேழு பேரும் நின்றிருந்தார்கள். சாமந்தி மாலை போட்டிருந்தது. அம்சா குளித்துத் தலை முழுகி வந்திருந்தாள். எழுபத்திரண்டு எழுத்தையும் அவள் அடிக்க, பக்கத்தில் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு உரக்கச் சொல்ல, ஐம்பதாவது எழுத்தில் பிசகிவிட்டது. மெஷின் புரியவில்லை என்று சொல்லிவிட்டது. அம்சாவிடம் அங்கேயே விளக்கம் எழுதி வாங்கினார்கள். இரண்டாம் தரம் கடைசி எழுத்தில் பிசகியது. இன்னொரு விளக்கம். மூன்றாம் தரம் பூட்டு திறந்தது.

பதினொரு வரியையும் சேர்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மனு ஒன்றுதானே வந்திருக்கிறது என்று எல்லப்பன் வரியை மட்டும் சேர்த்தார்கள். சேர்க்கும்போது அம்சா திரும்பிப் பார்த்தாள்.

“சார், விழா முடிஞ்சிட்டதால பட்டியல் தலைப்பை ‘மனை பெற்றோர்’னு மாத்தச் சொல்லி லெட்டர் வந்திருக்குது. அதையும் இதுலயே மாத்திடட்டுமா? அப்புறம், மனை எண்ணுன்னு ஒரு கலம் கேக்குது சார். காலியா உட்டா மெஷின் ஏத்துக்காது.”

“தலைப்பை மாத்திடு. எண்ணுக்கு சைபர் போடும்மா” என்றார் சிவப்பிரகாசம். “சைபர்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். இது யாருக்குத் தெரியாது?”

நான் அங்கேதான் நின்றிருந்தேன். காதால் கேட்டேன். மாலையையும் சந்தனத்தையும் பார்த்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்ற மயக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றிருந்தேன். எட்டாம் பதிப்பு உண்டாயிற்று. ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். அச்சடித்த காகிதத்தை எல்லப்பன் கையில் கொடுத்து, “கேட்டது கெடச்சுதா எல்லப்பா? முயற்சி வீண் போகல” என்றார் சிவப்பிரகாசம். எல்லப்பன் லட்டைச் சாப்பிடாமல் குழந்தைகளுக்கு என்று துண்டில் முடிந்துகொண்டான்.

பங்குனி பிறந்து நாலாம் நாள், ஏரியைக் காலி செய்கிற அலுவலகத்திலிருந்து அவனுக்கு நோட்டீஸ் வந்தது. ‘எட்டாம் பதிப்பின்படி மனை எண் 0 பெற்றுக்கொண்ட திரு. எல்லப்பன், அரசு மனையும் பெற்று ஏரிப் புறம்போக்கையும் ஆக்கிரமித்து வருவது தெரியவருவதால், பதினைந்து தினங்களுக்குள்’ என்று ஆரம்பித்திருந்தது. பட்டியலில் இல்லாத மற்றக் குடிசைகளுக்கு நோட்டீஸ் இல்லை. மனை கிடைக்காதவர்களை, கிடைக்கிற வரைக்கும் தொந்தரவு செய்யக்கூடாது என்று இரக்கமான உத்தரவு ஒன்று இருந்தது.

மூன்று அலுவலகமும் ஏறி இறங்கினோம். மனை கொடுக்கிற இடத்தில், பட்டியலில் கொடுத்ததாக இருக்கிறதே, இரண்டாவது மனை எப்படித் தருவது என்று கேட்டார்கள். காலி செய்கிற இடத்தில், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டார்கள். சிவப்பிரகாசத்துக்கு மட்டும் கோபம் வந்தது. “பேரைச் சேருங்கன்னு நீதானய்யா எழுதின? எப்பாடுபட்டேனும்னு வேற எழுதியிருக்க. ஏழு மாசம் பாடுபட்டோம். இப்ப வந்து ஏன் சேர்த்தீங்கன்றியே, மனசாட்சி இருக்குதா உனக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மனுவில் இருந்தது என் கையெழுத்து.

பதினாறாம் நாள் நான் கே.ஜி.கண்டிகைக்குப் போனபோது கடப்பாரையோடு நாலு ஆட்கள் வந்து, தோகையைப் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். கிராம உதவியாளர் எட்டாம் பதிப்பை விரித்து வைத்து எல்லப்பனுக்கு நேரே விரலை வைத்திருந்தார். மணியம்மை அவர் முன்னால் போய் நின்றாள்.

“அந்த சைபர் நம்பரு மனை எங்க கீதுன்னு காட்டு நைனா. நாங்களே போயிடுறோம்.”

“ஒண்ணாம் நம்பருக்கு முன்னாடி இருக்கணும்மா” என்றார் அவர், நல்ல மனுஷன்தான். “முன்னாடி ரோடுதான் கீது.”

சுவரைத் தள்ள இரண்டு ஆள் போதுமானதாக இருந்தது. பச்சை மண் சுவர். மணியம்மை பாத்திரங்களை எடுத்துப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு, பெரிய பெண்ணை விட்டுத் தோகைகளைப் பொறுக்கி அடுக்கச் சொன்னாள்.

எல்லப்பன் என்னிடம் வந்து, “எழுதுண்ணா” என்றான்.

“இன்னா எழுத?”

“பேரை எடுத்துடச் சொல்லி எழுது.”

“டேய், எடுத்துட்டா அடுத்த தபா மனை குடுக்கும்போது உன் பேரே இருக்காதுடா.”

“எதுலயும் பேரு இல்லாம இருந்தப்போ ஒரு குடிசையாச்சும் இருந்திச்சிண்ணா.”

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கண்ணீரைக் காகிதத்தில் எழுதியவன், அன்றைக்கு ஏரி உள்வாயில் எல்லார் எதிரிலும் நின்று அழுதேன். அவன் என்னைத் தேற்றினான், அதுதான் இன்னும் கேவலம். கரை மேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, காகிதத்தை எடுத்தேன். அனுப்புநர் என்று எழுதினேன். திரு. எல்லப்பன் என்று எழுதினேன். அடுத்த வரியில் கதவு எண், தெரு, ஊர் எழுத வேண்டும். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

“ஏண்ணா நிறுத்திட்ட?” என்றான் எல்லப்பன். “எழுதேன்.”